அலையைக் காட்டாத கருவியை அனுப்பாதீர்கள்

பெறுநர்: வன்னியின் வைத்தியசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் தலையில் அணியும் ஈ.ஈ.ஜி. கருவிகளை அன்பளிப்பாக வழங்க எண்ணியுள்ள புலம்பெயர் ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள்.

பிரதிகள்: வடமாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள்.

அன்புக்குரிய உறவுகளே,

வலிப்பு வரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் பஸ் மாறி மாறி அலையாமல், மூளை அலைப்பதிவை, அதாவது ஈ.ஈ.ஜி.யை, ஊருக்குக் கிட்டவே எடுக்க வழி செய்யவேண்டும் என்பது உங்கள் எண்ணம். அது நல்ல எண்ணம். தலையில் பட்டியாகக் கட்டி, புளூடூத் வழியே கைபேசிக்கு அலைகளை அனுப்பும் கருவிகள் சில நூறு டொலருக்குக் கிடைக்கும் காலத்தில் அந்த எண்ணம் வருவதும் இயல்பு. ஆனால் கடையில் கிடைக்கும் கருவி எதுவும் வைத்தியசாலைக்கு உதவும் என்று நம்பிக் காசைப் போடவேண்டாம். எந்தக் கேள்விக்கு விடை தேடி அந்தக் கருவியை வாங்குகிறோம் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு விடைதரும் தகுதி அதற்கு உண்டா என்று இங்கேயே, இந்த வெயிலில், எங்கள் சனத்தின் தலையில் சோதித்த பிறகு வாங்குங்கள். இந்த மடலில் நாங்கள் கேட்பது இதைத்தான். எப்படிச் சோதிப்பது என்பதையும் கீழே எழுதுகிறோம்.

மூளையின் மேற்பட்டையில் எழும் மின்சைகை மண்டையோட்டையும் தோலையும் கடந்து வெளியே வரும்போது 10 முதல் 100 மைக்ரோவோல்ற் அளவே மிஞ்சும். நெஞ்சில் எடுக்கும் ஈ.சி.ஜி. ஏறத்தாழ 1 மில்லிவோல்ற். அதாவது பத்து மடங்கும் அதற்கு மேலும். கண்ணை ஒருமுறை இமைத்தாலே நெற்றியிலுள்ள மின்வாயில் (தோலில் வைத்து மின்சைகையை எடுக்கும் சிறு துண்டு) 100 மைக்ரோவோல்ற்றுக்கு மேல் ஏறும். பல்லைக் கடித்தால் தாடைத்தசையின் மின் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். இவற்றுக்கு மேலே, சுவரெங்கும் ஓடும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மின்சாரம். ஹான்ஸ் பேகர் 1924இல் ஜேர்மனியின் யேனா நகரில் மனித மூளை அலையை முதன்முதலில் பதிந்து 1929இல் வெளியிட்ட காலத்திலிருந்து இன்றுவரை இந்தத் துறையின் பெரும்பாடு ஒன்றே. வருவது மூளையிலிருந்துதானா என்று உறுதிசெய்வதுதான் அது. கருவி சிறிதாகிவிட்டது என்பதால் அந்தப் பாடு சிறிதாகவில்லை.

முழு ஈ.ஈ.ஜி.யில் 1958இல் வகுக்கப்பட்ட 10–20 முறைப்படி தலையில் 19 மின்வாய்களும் காதுகளில் இரண்டும் வைக்கப்படும். நெற்றியும் மூக்கும் சந்திக்கும் குழியிலிருந்து பிடரி எலும்பு முனைவரை அளவுநாடாவால் அளந்து, 10 வீதம், 20 வீதம் எனப் பிரித்து, மெழுகுப் பென்சிலால் புள்ளியிடுவார்கள். 2017இல் சர்வதேச நரம்பு உடற்றொழிலியல் கூட்டமைப்பு இதை 25 ஆக உயர்த்தியது. காதுக்குக் கீழ்ப்புறமாக மின்வாய் இல்லையென்றால் மூளையின் பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலின் அடியிலிருந்து கிளம்பும் வலிப்பு தப்பிவிடும் என்பதே காரணம். இப்போது தியானத்துக்கென விற்கும் பட்டிகளைப் பாருங்கள். பரவலாக அறியப்பட்ட ஒன்றில் நெற்றியில் இரண்டு, காதின் பின்னால் இரண்டு, ஆக நான்கு. இன்னொன்றில் நெற்றியில் ஒன்றே ஒன்று, காதில் ஒரு கவ்வி. உச்சியிலும் பிடரியிலும் என்ன நடக்கிறது என்று இவற்றுக்குத் தெரியவே தெரியாது. பட்டியின் அளவும் சிக்கல்தான். ஐந்து வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 50 செ.மீ.; வளர்ந்தவருக்கென்று செய்த பட்டி அந்தத் தலையில் ஒன்றிரண்டு செ.மீ. விலகி நின்றால் பதிவது வேறோர் இடம்.

பூட்டானில் ஒரு ஆய்வு நடந்தது. நரம்பியல் வசதி குறைந்த நாட்டில், கைபேசியோடு இணையும் 14 மின்வாய்க் கருவியை, வழமையான ஈ.ஈ.ஜி.யோடு ஒப்பிட்டு 205 பேரில் சோதித்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. வழமையான பதிவில் வலிப்புக்குரிய அலை தெரிந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 39 பேரிடத்திலேயே சிறிய கருவியும் அதைப் பிடித்தது. தெரியாதவர்களில் 100க்கு 95 பேருக்குச் சரியாகவே "இல்லை" என்றது. இதை நன்றாகக் கவனியுங்கள். இந்தக் கருவி "இருக்கிறது" என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புண்டு. "ஒன்றுமில்லை" என்றால் அதற்கு மதிப்பில்லை. முழு ஈ.ஈ.ஜி.யிலேயே முதல் பதிவில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு எதுவும் தெரிவதில்லை. தெரியும் மற்றப் பாதியிலும் பாதிக்கு மேல் தவறவிடும் கருவியை வைத்துக்கொண்டு ஒருவருக்கு நோயில்லை என்று சொல்லலாமா?

சொன்னால் என்ன நடக்கும் என்பதை வன்னியில் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மாத்திரையை நிறுத்துவார்கள். பிறகு வலிப்பு வரும் இடம் கட்டில்லாத கிணற்றடியாகவோ, குளத்து அலைகரையாகவோ, உழவு மெசினின் இருக்கையாகவோ, அடுப்படியாகவோ இருக்கும். மறுபக்கமும் உண்டு. நோயில்லாத பிள்ளைக்கு "வலிப்பு" என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தத் துண்டு பள்ளிக்கூடத்திலும் கலியாணப் பேச்சிலும் வாழ்நாள் முழுதும் பின்னால் வரும்.

இனி எங்கள் தலைகளைப் பற்றி.

வன்னியில் போர்க்காலத்தில் எறிகணைத் துண்டு தலையில் பட்டு உயிர் தப்பியவர்கள் பலர் இருக்கிறார்கள். சிலருக்குத் துண்டு இன்னும் உள்ளே. சிலருக்குச் சத்திரசிகிச்சையில் மண்டையோட்டின் ஒரு பகுதி எடுக்கப்பட்டுத் தோல் மட்டும் மூடியிருக்கிறது. உள்ளே இரும்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாமல் போகலாம், அப்போது ஈ.ஈ.ஜி.யின் பெறுமதி இன்னும் கூடும். வியட்நாம் போரில் தலை துளைத்த காயம்பட்ட அமெரிக்கப் படையினரைப் பல பத்தாண்டுகள் கவனித்த ஆய்வில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு வலிப்பு வந்தது. சிலருக்குக் காயம்பட்டுப் பத்து ஆண்டுகளுக்கும் பிறகுதான் முதல் வலிப்பு. 2009இல் காயம்பட்டவர்களில் இன்று முதல் தடவையாக வலிப்போடு வருபவர் இருக்கக்கூடும் என்பது இதிலிருந்து தெரியும்.

சிக்கல் இதுதான். மண்டையோடு ஒரு நல்ல வடிகட்டி; அலையின் வீச்சத்தைக் குறைக்கும், கூரான விளிம்புகளை மழுங்கச் செய்யும். ஓட்டில் துவாரம் இருக்கும் இடத்தில் அந்த வடிகட்டல் இல்லை. அதன்மேல் வைத்த மின்வாயில் சாதாரண அலையே இருமடங்கு உயரமாகவும் கூராகவும் எழும். 6 முதல் 11 ஹேர்ட்ஸ் வரையான வளைவுகளோடு வேக அலைகளும் கலந்து, பார்ப்பதற்கு வலிப்புக் கூர்முனைபோலவே இருக்கும். 1979இலேயே விவரிக்கப்பட்ட, நோயைக் குறிக்காத தோற்றம் இது. அனுபவமுள்ளவர் காயம் எங்கே என்று கேட்டு, தடவிப் பார்த்து, பதிவில் குறித்து, அதைக் கழித்து வாசிப்பார். கைபேசிச் செயலியின் தானியங்கி வாசிப்புக்கு அந்தத் தழும்பு தெரியாது. அதைப் பயிற்றுவித்த பதிவுகளில் இப்படிப்பட்ட தலைகள் எத்தனை இருந்தன என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், காயம்பட்ட தலைக்கு அந்தத் தானியங்கி முடிவைப் பயன்படுத்தக்கூடாது என்று பெட்டியின்மேலேயே தமிழில் ஒட்டவேண்டும்.

காயத்தோடு சேர்ந்த இன்னொன்று பாதுகாப்பு. உலர் மின்வாய்கள் பலவற்றில் முடியை ஊடுருவிப்போகச் சீப்புப் பல் போன்ற முனைகள் இருக்கும். சிலவற்றில் உள்ளே சுருள்வில் தள்ளும். எலும்பில்லாத இடத்தில் இந்த முனைகளை ஒருபோதும் அழுத்தக்கூடாது. கருவி கட்டுமுன் இரண்டு கையாலும் தலை முழுதையும் தடவிப் பார்ப்பது கட்டாயம். பள்ளமாகவோ மெத்தென்றோ இருந்தால் அந்தப் பட்டி வேண்டாம். பசை பூசும் தட்டை மின்வாய்தான். தழும்பிலும் உரசும் ஜெல்லைத் தேய்க்கக்கூடாது. பக்கத்தில் நல்ல தோலில் வைத்து, எவ்வளவு விலக்கி வைத்தோம் என்று குறிக்கவேண்டும்.

அடுத்தது முடியும் எண்ணெயும். விளம்பரப் படத்தில் ஐந்து விநாடியில் மாட்டும் பட்டி, நல்லெண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய கூந்தலில் மாட்டுப்படாது. எண்ணெய் மின்காப்பு, உலர் முனை தோலைத் தொட்டாலும் எண்ணெய்ப் படலம் இடையில் நிற்கும். முதல்நாள் இரவு இரண்டு தரம் ஷாம்பு போட்டு முழுகி, எண்ணெயும் கண்டிஷனரும் வைக்காமல், காயவிட்டு வரச்சொல்லி கிளினிக் துண்டிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். பின்னலை அவிழ்த்து வரவேண்டும். நெற்றியில் திருநீறும் சந்தனமும் இருந்தால் அனுமதி கேட்டுத் துடைத்து, பதிவு முடிந்ததும் மீண்டும் இட்டுக்கொள்ள விடுங்கள். காய்ந்த திருநீறு மின்வாய்க்கும் தோலுக்கும் இடையில் நின்றால் அந்த இடத்துப் பதிவு முழுவதும் இரைச்சல்தான். தலைமுடிக்கேற்பக் கருவியை மாற்றலாம் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2020இல், கறுப்பினத்தவரின் அடர்ந்த சுருள்முடியைத் தலையோட்டை ஒட்டிப் பின்னி, பின்னல்களுக்கிடையே கவ்வி நிற்கும் மின்வாய்ப் பிடியைச் செய்து, தொடுகை நன்றாக மேம்படுவதைக் காட்டினார்கள். எங்கள் பிள்ளைகளின் கூந்தலுக்கும் யாராவது அப்படி யோசிக்கவேண்டும்.

தொடுகை நல்லதா என்பதை மின்வாய்க்கும் தோலுக்கும் இடையிலான மின்தடை, அதாவது தடங்கல் அளவு சொல்லும். பசை மின்வாய்க்கு 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது பழைய விதி. சைகையைப் பெருக்கும் இன்றைய விரியலாக்கிகளுக்கு 10 வரை ஏற்கலாம். 100 ஓமுக்கும் கீழே போனால் சந்தோஷப்படவேண்டாம். இரண்டு மின்வாய்களின் பசை ஒன்றோடொன்று வழிந்து குறுஞ்சுற்றாகியிருக்கிறது. உலர் மின்வாயில் தடங்கல் நூற்றுக்கணக்கான கிலோ ஓமாக இருக்கும். அதைத் தாங்கும்படி ஒவ்வொரு மின்வாயிலேயே சிறு விரியலாக்கி இருந்தால் மட்டும் அது வேலை செய்யும். எல்லா மின்வாயும் ஒரே அளவாக இருப்பது முக்கியம். ஒன்று 5, இன்னொன்று 300 என்றிருந்தால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஒன்றுக்கொன்று கழிபடாமல் அப்படியே உள்ளே வரும்.

இரைச்சலை மறைக்கப் பெரும்பாலான செயலிகளில் ஒரு வடிகட்டி இருக்கும். வட அமெரிக்காவுக்கென்று செய்த கருவியில் அது 60 ஹேர்ட்ஸில் நிற்கும். இங்கே 50க்கு மாற்றவேண்டும், மாற்றமுடியாத கருவி வேண்டவே வேண்டாம். மாற்றியபின்னும் முதல் ஐந்து நிமிடம் வடிகட்டியை நிறுத்திவைத்தே பாருங்கள். போட்டுவிட்டால் கழன்ற மின்வாயும் நல்ல மின்வாய்போலத் தெரியும். இன்னொரு நுட்பமான கோளாறும் உண்டு. விநாடிக்கு 128 தரம் அலையை அளந்து மாதிரியெடுக்கும் கருவியில் முன்வடிகட்டி சரியில்லையென்றால், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டை மீடிறனான 100 ஹேர்ட்ஸ், 128இலிருந்து கழிந்து 28 ஹேர்ட்ஸ் என்ற போலி அலையாக வந்து நிற்கும். அதைக் காணும் செயலி "பீட்டா அலை கூடியிருக்கிறது, இவர் பதற்றமாக இருக்கிறார்" என்று எழுதும். பதற்றப்பட்டது குழல் விளக்கின் சோக்.

வியர்வையைச் சொல்லாமல் விடமுடியாது. சித்திரை, வைகாசியில் விசிறி இல்லாத அறையில் 20 நிமிடம் பட்டி கட்டினால், அதன் அடியில் வழியும் வியர்வை பக்கத்து மின்வாய்களை உப்புநீரால் இணைத்துவிடும். பதிவில் அரை ஹேர்ட்ஸுக்கும் கீழான பெரிய அலைகள் ஏறி இறங்கும். விசிறியைப் போட்டால் கம்பி ஆடும், உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்வாய்கள் காயும். குளிரூட்டிய அறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் காலை 9 மணிக்கு முன்பே பதிவை முடியுங்கள். விசிறியைத் தலைக்கு நேரே வைக்காமல் காலுக்கு வையுங்கள். பஞ்சு மின்வாய்க்கு 15 நிமிடத்துக்கொருமுறை இரண்டு மூன்று துளி உப்புநீர் விடுங்கள்.

இனிச் சோதனை. கருவி ஒன்றை மட்டும் முதலில் வாங்கி, கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் ஆய்வுகூடம் போன்ற ஓரிடத்தில், அவர்களின் சம்மதத்தோடு, இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில் எல்லா மின்வாய்களையும், மற்றவற்றை ஒப்பிட்டு அளக்க உதவும் ஒப்புநோக்கு மின்வாயையும், புவித்தொடுப்பையும் ஒன்றாகக் கம்பியால் இணைத்து பத்து நிமிடம் பதியுங்கள். உள்ளே எதுவும் போகவில்லை. ஆகவே தெரிவது கருவியின் சொந்த இரைச்சல். அது அலையின் மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சிவரை 1.5 மைக்ரோவோல்ற்றுக்கு மேல் போகக்கூடாது என்பது மருத்துவ ஈ.ஈ.ஜி.க்கு 1998இல் விதந்துரைக்கப்பட்ட அளவு. அதே விதந்துரையில் மாதிரியெடுப்பு விநாடிக்குக் குறைந்தது 200, எல்லா மின்வாயிலும் ஒன்றாக வரும் இரைச்சலைத் தள்ளும் திறனான பொதுமுறை நிராகரிப்பு 110 டெசிபெல், உள்ளீட்டுத் தடங்கல் 100 மெகா ஓமுக்கு மேல் என்பவையும் உண்டு. விற்பனையாளரின் தாளில் இந்த நான்கு எண்களும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்தலாம். இவ்வளவுக்கும் விலையுயர்ந்த பொருள் தேவையில்லை; எட்டு வாய்க்கால் (தனித்தனியே அலை வரும் பாதை), 24 பிட், 1 மைக்ரோவோல்ற் அளவு இரைச்சல் கொண்ட ஏ.டி.எஸ்.1299 என்ற மின்னணு நுண்சில்லை வைத்து மாணவர்களே பலகை செய்கிறார்கள்.

பிறகு தெரிந்த சைகை ஒன்றைக் கொடுங்கள். சைகைப் பிறப்பாக்கியில் 10 ஹேர்ட்ஸ், 0.5 வோல்ற். அதை 100 கிலோ ஓம் தடையி ஊடாக 10 ஓம் தடையிக்கு விட்டு, 10 ஓமின் இரு முனையிலிருந்தும் எடுத்தால் ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ற். கருவி 50 காட்டுகிறதா? எல்லா வாய்க்காலிலும் ஒரே அளவா? 2, 5, 20, 40 ஹேர்ட்ஸிலும் பாருங்கள். கைபேசியின் ஹெட்போன் துளையைப் பிறப்பாக்கியாகப் பயன்படுத்தினால் 20க்குக் கீழே அது தேய்ந்துவிடும், நம்பவேண்டாம்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு வத்தகப்பழம் வேண்டும். 1970களில் கனடாவின் ஹமில்டனில் ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு கிண்ணம் ஜெலிக்கு மின்வாய் வைத்து, சுற்றியுள்ள இயந்திரங்களின் மின் அதில் மூளை அலைபோலப் பதிவதைக் காட்டினார். நாங்கள் அதை வத்தகப்பழத்தில் செய்யலாம். தலையளவு பழம் ஒன்றை எடுத்து, மின்வாய் வரும் இடங்களில் பச்சைத் தோலை மெல்லியதாகச் சீவி, பட்டியைக் கட்டி, வார்ட்டில் கட்டிலின்மேல் வையுங்கள். விசிறி, குழல் விளக்கு, கைபேசிச் சார்ஜர், பக்கத்துக் கட்டிலின் மொனிற்றர் என ஒவ்வொன்றாகப் போட்டும் நிறுத்தியும் அலை எப்படி மாறுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வார்ட்டில் எந்த மூலையில் பதிவு எடுக்கலாம் என்பதும் இதில் தெரியவரும். செயலி அந்தப் பழத்துக்கும் "கவனம் 55, அமைதி 60" என்று எண் கொடுத்தால், அந்த எண்ணை எந்த மனிதருக்கும் பயன்படுத்தக்கூடாது.

அதன்பிறகு மனிதர். சுகதேகியான வளர்ந்தவர்கள் ஐந்து பேர். ஒரு நிமிடம் கண் திறந்து, ஒரு நிமிடம் மூடி, இப்படி மூன்று முறை. மூடும்போது பிடரிப் பக்கத்தில் 8 முதல் 13 ஹேர்ட்ஸ் அல்பா அலை எழும்பவேண்டும், திறந்ததும் அடங்கவேண்டும். ஓரிருவருக்கு இயல்பாகவே அல்பா குறைவு; ஐவரில் ஒருவருக்கும் தெரியவில்லையென்றால் பிழை கருவியில். பின்னர் இமைக்க, பல்லைக் கடிக்க, தலையைத் திருப்பச் சொல்லி, அவற்றைச் செயலி மூளை அலையாக எண்ணுகிறதா என்று பாருங்கள். மறுநாள் அதே ஐவருக்கும் அதே வேளையில் மீண்டும் எடுங்கள். ஒரே ஆளின் இரண்டு நாள் வேறுபாடு, இரண்டு ஆட்களுக்கிடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால் அந்தக் கருவியில் நோயாளியின் முன்னேற்றத்தைத் தொடர முடியாது. புளூடூத் எத்தனை தரவுப் பொதிகளைத் தவறவிடுகிறது என்பதையும் எண்ணவேண்டும்: 250 ஹேர்ட்ஸில் 20 நிமிடத்துக்கு 3,00,000 மாதிரிகள் வரவேண்டும். குறைந்த இடத்தைச் செயலி கோடு போட்டு நிரப்புகிறதா, இடைவெளியாக விடுகிறதா? நிரப்பினால் ஆபத்து.

கடைசியாக, போதனா வைத்தியசாலை ஒன்றின் நெறிமுறைக் குழு அனுமதியோடு, முழு ஈ.ஈ.ஜி.யும் இந்தக் கருவியும் ஒரே தலையில் ஒரே நேரத்தில். வலிப்பு நோயாளிகளும் அல்லாதவர்களும் கலந்து, தலைக்காயம் பட்டவர்களும் கட்டாயம் சேர்ந்து. இரண்டு பேர் தனித்தனியே, மற்றப் பதிவைப் பார்க்காமல் வாசிக்கவேண்டும். இந்த ஒரு படிக்காகவே நீங்கள் காசு தந்தால் அது பத்துக் கருவியைவிடப் பெரிய உதவி.

இத்தனைக்கும் அடிப்படை, செயலி மாற்றாத பச்சை அலை அப்படியே வெளியே வரவேண்டும் என்பது. 1992இலிருந்து புழங்கும் ஈ.டி.எஃப். கோப்பு வடிவிலோ 2003இன் ஈ.டி.எஃப்.+ வடிவிலோ பதிவை வெளியேற்ற முடியாத கருவியை வாங்காதீர்கள். அந்தக் கோப்பு இருந்தால் ஈ.டி.எஃப். பிரவுசர் என்ற இலவச மென்பொருளில் யாரும் திறந்து வாசிக்கலாம், யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பலாம். இல்லையென்றால் கொம்பனியின் தயவில்தான் எல்லாம். 2009இல் விற்பனைக்கு வந்த சீயோ என்ற நித்திரைப் பட்டியின் கொம்பனி 2013இல் மூடப்பட்டபோது, அதன் இணையச் சேவையும் கூடவே நின்றது. பட்டி கையில் இருந்தது. பதிவைப் பார்க்க வழியில்லை.

அப்படியானால் எதற்குத்தான் இவை உதவும்? மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச்சொன்னால் பார்வை நிலைகுத்தி நிற்கும் பிள்ளைக்கு, விநாடிக்கு மூன்று முறை எழும் கூர்முனை அலை தலை முழுதும் பரவும். சின்னப் பிள்ளையென்றால் கையில் கடதாசிக் காற்றாடியைக் கொடுத்து ஊதச் சொன்னாலே போதும். இந்த வகையைச் சில மின்வாய்களே பிடித்துவிடும். பெல்ஜியத்தின் லூவனில் காதின் பின்னால் ஒட்டும் இரண்டு வாய்க்கால் கருவியில் இதைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை முறை வருகிறது, மாத்திரை கூட்டியபின் குறைந்ததா என்று வீட்டில் எண்ணவும் இது உதவும். இன்னொன்று அவசரப் பிரிவு. வலிப்பு நின்றபின்னும் நினைவு திரும்பாமல் கிடப்பவருக்கு மூளைக்குள் வலிப்பு தொடர்கிறதா என்ற கேள்வி. அதற்கென்றே பத்து மின்வாய்ப் பட்டிகள் உண்டு, அமெரிக்காவில் 2017இலிருந்து அனுமதி பெற்றவை. இவை வைத்தியசாலைக்கென்று செய்தவை, விலையும் அதற்கேற்றது, பட்டி ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது. ஒருமுறை வாங்கித் தந்துவிட்டு அடுத்த ஆண்டுப் பட்டிக்குக் காசில்லையென்றால் பயனில்லை.

பாடசாலைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம்: வேண்டாம். பிள்ளை பாடத்தைக் கவனிக்கிறதா என்று நெற்றிப் பட்டியால் அளப்பது நம்பகமான அளவீடு அன்று. 2019இல் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஜின்ஹுவா நகரப் பகுதி ஆரம்பப் பாடசாலை ஒன்றில் இதைச் செய்து, பெற்றோரும் மக்களும் எதிர்த்ததும் நிறுத்தினார்கள். போரின் வடுவைச் சுமக்கும் வீடுகளிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளின் மனநிலையை ஒரு பட்டி எண்ணாகச் சொல்லும் என்று யாராவது விற்க வந்தால், அந்தக் காசில் ஒரு உளவளத்துணையாளரின் சம்பளத்தைக் கொடுங்கள்.

மூளை அலை ஒருவரின் அந்தரங்கத் தரவு. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாக வைக்கிறது. சிலியில் 2023இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட தலைக்கருவி நிறுவனம் ஒன்று முன்னாள் செனட்டர் ஒருவரிடமிருந்து சேர்த்த மூளைத் தரவை அழிக்கும்படி கட்டளையிட்டது. இணையம் இல்லாமல், கணினியிலேயே பதிவு சேமிக்கப்படும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்; நோயாளியின் பெயருக்குப் பதில் கிளினிக் இலக்கம் மட்டும் போடுங்கள். மருத்துவக் கருவி எதுவும் 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ் வருகிறது. பயணப்பொதியில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்கும் கருவியை ஒரு வைத்தியர் பொறுப்பேற்கத் தயங்கினால் அவரைக் கோபிக்காதீர்கள்.

கையில் காசு இருக்கிறது, இந்த ஆண்டே ஏதாவது செய்யவேண்டும் என்பவர்களுக்கு: ஒரு தாதியையோ தொழில்நுட்ப உதவியாளரையோ அளவுநாடா பிடித்து 21 மின்வாயைச் சரியாக வைக்கப் பயிற்ற உதவுங்கள். 228 கிராம் பசை டப்பா ஒன்று சிக்கனமாகப் பூசினால் 15, 20 பதிவுக்குப் போதும். உரசும் ஜெல், வெள்ளி மின்வாய்க் கிண்ணங்களின் மேலதிகத் தொகுதி, மூன்று ஊசிப் பிளக்கில் உண்மையில் புவித்தொடுப்பு வருகிறதா என்று பார்த்துத் திருத்தும் மின்னியலாளரின் கூலி, இவை எல்லாம் சிறு தொகைகள். வலிப்பு வரும்போது வீட்டார் கைபேசியில் எடுத்த வீடியோவைக் கிளினிக்குக்குக் கொண்டுவர ஊக்கப்படுத்துங்கள். முகம், இரண்டு கை, இரண்டு கால் தெரிய, முடியும்வரை. நோயைக் கண்டுபிடிப்பதில் கண்ணால் கண்டவரின் சாட்சியத்துக்கே முதலிடம், ஈ.ஈ.ஜி. அதற்குத் துணை.

ஏற்கெனவே கருவி அனுப்பியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது அலுமாரியில் கிடந்தால், பஞ்சு மின்வாய்களைக் கழற்றி வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்துத் தனியே வைக்கச் சொல்லுங்கள்; உப்போடு விட்டால் தொடுகைத் தகடு பச்சை பிடித்துவிடும். பற்றரியைப் பாதியளவு ஏற்றி, மூன்று மாதத்துக்கொருமுறை பார்த்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவைக்கவேண்டும். பற்றரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. கருவியைச் சுவர் மின்பிளக்கில் மாட்டியபடி யாருடைய தலையிலும் கட்டக்கூடாது. செயலியின் கணக்கு உங்கள் சங்கத்துக்காரர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தால், இந்தக் கிழமையே அதை வைத்தியசாலையின் மின்னஞ்சலுக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் சந்தா முடியும் திகதியையும் பொறுப்பு வைத்தியருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
வன்னியில் ஈ.ஈ.ஜி. பதிவு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு வேலைகளில் உள்ளவர்கள்